அறுந்த தொடர்பும் அழிந்த எழுத்தும்

நெடுந்தீவுக்குச் சுற்றுலாச் செல்வோர் தவறாது பார்த்துத் திரும்பும் இடங்களுள் அங்குள்ள பழைய புறாக்கூடும் ஒன்றாகும். ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் யாழ்ப்பாணத்துடன் செய்திப் பரிமாற்றம் செய்வதற்கென வளர்க்கப்பட்ட புறாக்களின் உறைவிடம் அது என்று சொல்லப்படுகின்றது. புறாவின் காலில் கட்டிவிடப்பட்ட செய்தி அக்கரை சேர்ந்ததா, இடைவழியில் பருந்துக்கு இரையானதா என்பதை அனுப்பியவர் உடனே அறிய வழியில்லை. பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வராவிட்டால் இன்னொரு புறாவைப் பறக்கவிட வேண்டும். ஆகவே, அனுப்பும் செய்தியின் படியொன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வது எழுதுவினைஞரின் முதற் கடமையாக இருந்திருக்கும். அத்துணை எளிய அந்த முன்னெச்சரிக்கை இன்றைய கணினி மென்பொருள்கள் சிலவற்றில் இல்லாமற் போனது எப்படி, அதனைச் சீர்செய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இதனை எழுதத் தூண்டியது எமது செய்திமேசையில் சில ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம். சோளகக் காற்று வீசிய ஒரு மாலைப்பொழுது. நெடுந்தீவிலிருந்த எமது நிருபர், தீவின் குடிநீர்த் தட்டுப்பாடு பற்றிய செய்திக் கட்டுரையொன்றை எழுதிக்கொண்டிருந்தார். கோப்பு இருந்தது யாழ்ப்பாணத்து அலுவலகத்தின் வழங்கிக் கணினியில். அதனைத் திறந்து எழுதிய மென்பொருள் இருந்தது அவரது மடிக்கணினியில். இடையில் கடலும், கையடக்கத் தொலைபேசியின் அலைவரிசையும். திடீரெனத் திரை உறைந்தது. எச்சரிக்கை எதுவும் தோன்றவில்லை. அரை மணித்தியாலம் பொறுத்திருந்த அவர், வேறு வழியின்றி மென்பொருளை மூடித் திறந்தார். அதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்தில் எழுதியவை அனைத்தும் மறைந்திருந்தன. அதைவிடப் பெரிய அநியாயம் அடுத்ததாக நடந்தது. தொடர்பு மீண்டதும், மடிக்கணினியில் தங்கியிருந்த மதியநேரப் படியை அந்த மென்பொருள் எவரையும் கேளாமல் அலுவலகக் கோப்பின் மீது எழுதிவிட்டது. அதற்கிடையில் நான் செய்திருந்த திருத்தங்களும் அதனோடு போயின. மறுநாள் வெளியானது அரைகுறைக் கட்டுரை. எந்தெந்தக் கிணறுகளில் நீர் உவர்ப்பாகிவிட்டது என்று மக்கள் சொன்ன விபரமே அதில் இல்லை.

தவறு நிருபருடையதா, தொலைபேசிச் சேவையினுடையதா, காற்றினுடையதா என்று அன்று விவாதித்தோம். கலைப்பட்டதாரியான எனக்கு, கணினி விடயம் தெரிந்த இளைஞர்கள் பொறுமையோடு விளக்கிய பின்னரே உண்மை புரிந்தது. காற்றடித்தால் தொடர்பு அறுவது இயல்பு. அறுந்த தொடர்பு எழுத்தையும் இழுத்துக்கொண்டு போனதுதான் குற்றம். அக்குற்றம் மென்பொருளின் அமைப்பில் இருக்கின்றது.

ஏன் இது தீவகத்தின் பிரச்சினை?

பத்திரிகை ஆசிரியரைக் குறிக்கும் அதே ஆங்கிலச் சொல், கணினித் துறையில் ஒரு மென்பொருள் வகையைக் குறிக்கின்றது. எழுத்துக்களை உள்ளிடவும், அழிக்கவும், இடம் மாற்றவும், சேமிக்கவும் உதவும் அம்மென்பொருளை உரைதிருத்தி எனலாம். கட்டுரை எழுதுவோரைவிட அதனை அதிகம் பயன்படுத்துவோர் கணினி நிரல் எழுதுவோரே ஆவர். அவர்களின் நாளாந்த வேலையே உரைதிருத்தியில்தான் நடைபெறுகின்றது. தச்சருக்கு உளி எப்படியோ அப்படி.

இன்று நிரலாளர் ஒருவர் தொடும் கோப்பு பல வேளைகளில் அவரது மேசையிலுள்ள கணினியில் இருப்பதில்லை. கொழும்பிலோ, சிங்கப்பூரிலோ, அதற்கும் அப்பாலோ உள்ள வழங்கிக் கணினியில் அது இருக்கின்றது. 2019 மே மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது விசுவல் ஸ்ரூடியோ கோட் என்னும் உரைதிருத்திக்குத் தொலைவிலுள்ள கணினியில் வேலைசெய்யும் வசதியை அறிமுகப்படுத்தியது. அதற்கடுத்த ஆண்டில் கொவிட் பெருந்தொற்று வந்து, வீட்டிலிருந்து வேலைசெய்வதை உலக வழக்கமாக்கியது. இவ்வழக்கம் தீவக இளைஞர்களுக்கு ஒரு வாசலைத் திறந்திருக்கின்றது. குறிகட்டுவானில் படகுக்குக் காத்திராமலும், ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் பாதையில் கடக்காமலும், பண்ணைப் பாலத்தைத் தாண்டாமலும், தமது வீட்டுத் திண்ணையிலிருந்தே உலக நிறுவனமொன்றில் வேலைபார்க்கும் வாய்ப்பு அது. இடப்பெயர்வாலும் புலம்பெயர்வாலும் ஆளொழிந்த வீடுகள் மலிந்த புங்குடுதீவு, வேலணை, நெடுந்தீவு போன்ற ஊர்களுக்கு இதன் பெறுமதி எத்தகையது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், அந்த வாசலின் கதவு தொடர்பு என்னும் ஒற்றைக் கீலில் தொங்குகின்றது. மணிக்கு நான்கு முறை தொடர்பு அறுந்து, ஒவ்வொரு முறையும் பத்து நிமிட வேலை அழியுமாயின், எத்துணைத் திறமைசாலியும் சோர்ந்துபோவார். வேலை கொடுத்தவர் கண்ணுக்கு அவர் மந்தமானவராகத் தெரிவார். "தீவிலிருந்து வேலைசெய்வது சரிவராது" என்ற முடிவு அங்கே பிறக்கும். மென்பொருளின் குறை மனிதரின் குறையாகக் கணக்கில் எழுதப்படும். இங்குதான் இவ்விடயம் வெறும் தொழில்நுட்ப விடயம் என்ற எல்லையைத் தாண்டுகின்றது.

முன்னோர் அறிந்திருந்தனர்

வியப்புக்குரியது என்னவென்றால், தொலைத் தொடர்பில் இயங்கிய முதற்கால உரைதிருத்திகளுள் சில இவ்விடயத்தில் மிகுந்த விழிப்போடு எழுதப்பட்டிருந்தன. 1976 அளவில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜோய் என்ற மாணவர் உருவாக்கிய வீ-ஐ என்னும் உரைதிருத்தி அவற்றுள் ஒன்று. இன்றுவரை அதன் வழித்தோன்றல்கள் வழக்கில் உள்ளன. அவர் தமது வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பின் மூலம் பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்புகொண்டே அதனை எழுதினார். அவரது மோடத்தின் வேகம் 300 போட். அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 30 எழுத்துக்கள். 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துக்களும் கொண்ட ஒரு திரையில் 1,920 எழுத்துக்கள் அடங்கும். முழுத்திரையையும் ஒருமுறை வரைய 64 செக்கன்கள், அதாவது ஒரு நிமிடத்துக்கும் மேல் பிடிக்கும். எனவே மாறிய பகுதியை மட்டும் வரையும் சிக்கனம் அதில் கையாளப்பட்டது. அதைவிட முக்கியமானது, தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டால் அதுவரை எழுதியவற்றைத் தனியிடத்தில் பத்திரப்படுத்தி, உரியவருக்கு மின்னஞ்சலும் அனுப்பிவைக்கும் ஏற்பாடாகும். தொடர்பு அறும் என்பதை நம்பியே அம்மென்பொருள் எழுதப்பட்டது.

பின்னர் வலையமைப்புக்கள் வேகமடைந்தன. வேகம் வந்ததும் ஒரு மயக்கமும் கூடவே வந்தது. தொலைவிலுள்ள கோப்பும் அருகிலுள்ள கோப்பும் ஒன்றே என்பதுபோல் காட்டினால் பயனாளருக்கு இலகு என்று கருதினர். இமாக்ஸ் என்னும் புகழ்பெற்ற உரைதிருத்தியோடு சேர்ந்தியங்கும் ட்ராம்ப் என்ற துணைமென்பொருள் 1998 இன் பிற்பகுதியில் எழுதத் தொடங்கப்பட்டது. தொலைவிலுள்ள கோப்பை அருகிலுள்ளதுபோல் திறந்துதருவதே அதன் பணி. மிகவும் பயனுள்ளது, இன்றும் தன்னார்வலர்களால் பேணப்பட்டு வருகின்றது. ஆயினும், தொலைவிலிருந்து பதில் வரத் தாமதித்தால் உரைதிருத்தி முழுவதுமே அசைவற்று நிற்கும் என்ற முறைப்பாடு அதன் பயனாளரிடையே பழகிப்போன ஒன்றாகும். குறை அந்த ஒரு மென்பொருளினது மட்டுமன்று. தொலைவை மறைக்க முயலும் எல்லா மென்பொருள்களுக்கும் அது பொதுவானது. 1994 அளவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பீட்டர் டொய்ச் என்பவர், பரவிய கணினி அமைப்புக்களை உருவாக்குவோர் கொள்ளும் தவறான நம்பிக்கைகளைப் பட்டியலிட்டார். "வலையமைப்பு நம்பத்தக்கது" என்பதே அவற்றுள் முதலாவது. அதற்கடுத்தது, தாமதமே இல்லை என்ற நம்பிக்கை.

மௌனத்தின் பொருள் என்ன?

தொடர்பு அறும்போது உண்மையில் நிகழ்வது என்ன என்பதை விளங்கிக்கொண்டால் பரிகாரமும் விளங்கும். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒருவர் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நிற்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். படகு உரிய நேரத்துக்கு வரவில்லை. காற்றினால் தாமதமா, இயந்திரக் கோளாறா, அன்றி இன்று புறப்படவே இல்லையா? கரையில் நிற்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். தெரிவது வெறுங்கடல் மட்டுமே.

இணையத் தொடர்பும் அவ்வாறானதே. இருமுனைகளுக்கிடையே தரவைக் கொண்டுசெல்லும் ரி.சி.பி. என்னும் நெறிமுறை, எதிர்முனை மறைந்துவிட்டது என்பதை உடனே அறியாது. அனுப்பியதற்குப் பற்றுச்சீட்டு வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் வழமையான அமைப்பில், இனிப் பயனில்லை என்று அது கைவிடுவதற்குக் கால்மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும் தொடர்பாயின் நிலைமை இன்னும் மோசம். எதிர்முனை உயிரோடு இருக்கின்றதா என்று வினவும் ஏற்பாட்டுக்கு வழமையாக வகுக்கப்பட்டுள்ள இடைவெளி இரண்டு மணித்தியாலங்கள். எமது நிருபர் அரை மணித்தியாலம் உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததன் இரகசியம் இதுதான். அவரது மென்பொருள் பதிலுக்குக் காத்து நின்றது. எவ்வளவு நேரம் காத்து நிற்பது என்று அதற்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

ஆகவே முதலாவது பரிகாரம், உரைதிருத்தி தானே நாடி பார்க்க வேண்டும் என்பது. பத்து அல்லது பதினைந்து செக்கன்களுக்கு ஒருமுறை "இருக்கின்றீரா?" என்று ஒரு சிறு செய்தியை அனுப்பி, மூன்று முறை பதில் வராவிட்டால் தொடர்பு அறுந்ததாகக் கொள்ள வேண்டும். இக்கால எல்லையைக் குறுக்கினால், தாமதமாக வரும் படகையும் கைவிட்டுவிட நேரும். நீட்டினால், இருட்டும்வரை துறையில் நிற்க நேரும். தீவகம் போன்ற இடங்களில் அலைவரிசை தளம்பித் தளம்பி மீளும் என்பதால், எல்லையை இடத்துக்கேற்ப மாற்றும் உரிமை பயனாளருக்கு இருத்தல் வேண்டும்.

இரண்டாவதும் தலையாயதுமான பரிகாரம், எழுத்து முதலில் எழுதுபவரிடம் தங்க வேண்டும் என்பது. விரல் விசையைத் தொட்டதும் எழுத்து மடிக்கணினியின் வட்டிலேயே பதிய வேண்டும். அதன் பின்னரே கடல் கடக்க வேண்டும். கடல் கடக்கும் வேலையை மென்பொருளின் இன்னொரு பகுதி பின்னணியில் செய்யலாம். திரையும் விசைப்பலகையும் எந்நிலையிலும் அதற்காகக் காத்திருத்தல் கூடாது. நிருபரின் மென்பொருள் தானியங்கிச் சேமிப்பையும் அக்கரையிலுள்ள வழங்கியிலேயே வைத்திருந்தது. வள்ளம் கவிழும்போது பிடித்துக்கொள்ள வைத்திருந்த மிதவையையும் அதே வள்ளத்தில் கட்டி வைத்திருந்தமைக்கு ஒப்பானது அது.

மூன்றாவது, தொடர்பையும் வேலையையும் பிரித்து வைப்பது. ரி.சி.பி. முறையில் ஒரு தொடர்பு என்பது இரு முனைகளின் முகவரிகளாலும் வாயில் இலக்கங்களாலும் அடையாளப்படுத்தப்படுகின்றது. கையடக்கத் தொலைபேசி ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் முகவரி மாறும். முகவரி மாறினால் தொடர்பு செத்துவிடும். தொடர்பு செத்ததும் வேலையும் செத்துவிட்டதாக வழங்கி கருதுவதுதான் பிழை. பயணியிடம் பற்றுச்சீட்டு இருந்தால் எந்தப் படகில் ஏறினாலும் அவர் அதே பயணிதானே? அதுபோல், வேலைக்கென ஓர் அடையாள இலக்கத்தை வழங்கி, அதனைக் காட்டுபவர் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர அனுமதிக்க வேண்டும்.

இது நடைமுறையில் நிரூபிக்கப்பட்ட வழியாகும். 1987 இல் பேர்லினில் உருவான ஸ்கிரீன் என்ற மென்பொருள், தொடர்பு அறுந்தாலும் வேலையை அக்கரையில் உயிரோடு வைத்திருந்தது. 2012 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவகத்தில் கீத் வின்ஸ்ரைன், ஹரி பாலகிருஷ்ணன் ஆகியோர் மொஷ் என்ற மென்பொருளை வெளியிட்டனர். அவர்களுள் பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.ரி.யில் பயின்றவர். மடிக்கணினியை மூடி, இன்னொரு ஊருக்குச் சென்று திறந்தாலும் மொஷ் விட்ட இடத்திலிருந்து தொடரும். தட்டிய எழுத்தை, வழங்கியின் பதில் வருமுன்பே ஊகித்துத் திரையில் காட்டவும் செய்யும். ஏறத்தாழ 10,000 விசையழுத்தங்களை வைத்து மூன்றாம் தலைமுறைக் கைத்தொலைபேசி இணைப்பில் அவர்கள் செய்த சோதனையில், பழைய முறையில் எழுத்துத் திரைக்கு வர நடுமதிப்பாக 503 மில்லி செக்கன் பிடித்தது. மொஷ் முறையில் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது. 2021 இல் இணையத் தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட குவிக் என்னும் நெறிமுறையும் முகவரியைச் சாராத அடையாள இலக்கங்களைக் கொண்டுள்ளது.

தீவுகள் கற்பித்த பாடம்

நான்காவது, மீண்டும் இணைய முயல்வதில் நிதானம். தொடர்பு அறுந்ததும் செக்கனுக்குப் பத்துத் தடவை கதவைத் தட்டும் மென்பொருள் தன் மின்கலத்தையும் வீணாக்கும், பிறருக்கும் இடைஞ்சலாகும். கோபுரத்துக்கு மின்சாரம் மீண்ட கணத்தில் ஊரிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரேநேரத்தில் முட்டிமோதினால் எதுவும் உள்ளே போகாது. எனவே ஒரு செக்கன், இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துச் செல்ல வேண்டும். அத்தோடு ஒவ்வொரு கருவியும் எழுமானமாகச் சிறிது கூட்டியோ குறைத்தோ காத்திருக்க வேண்டும். மோதினால் எழுமானமான நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பும் முறையை 1971 இல் இயக்கிக் காட்டியது ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோகா வலையமைப்பு. நோர்மன் ஏபிரம்சன் தலைமையில், தீவுகளிலுள்ள பயனாளரை வானொலி அலைகளால் மையக் கணினியோடு இணைப்பதற்காக உருவானது அது. கடலால் பிரிந்திருந்த தீவுகளின் தேவையே உலகுக்கு அந்தப் பாடத்தைத் தந்தது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

ஐந்தாவது, ஒன்றை இருமுறை செய்துவிடாதிருத்தல். "இந்தப் பந்தியைச் சேர்" என்ற கட்டளையை அனுப்பினோம், பற்றுச்சீட்டு வரவில்லை. கட்டளை போகவில்லையா, போய்ச் சேர்ந்து பற்றுச்சீட்டுத்தான் தொலைந்ததா? தெரியாது. மீண்டும் அனுப்பினால் பந்தி இருமுறை சேர்ந்துவிடக்கூடும். காசுக்கட்டளையில் இலக்கம் இருப்பதால்தான் தபாலகம் ஒரே கட்டளைக்கு இருமுறை பணம் கொடுப்பதில்லை. அவ்வாறே ஒவ்வொரு திருத்தத்துக்கும் தொடரிலக்கம் இட்டு, கண்ட இலக்கத்தை மீண்டும் கண்டால் வழங்கி அதனைப் புறக்கணிக்க வேண்டும்.

ஆறாவது, கேளாமல் மேலெழுதாதிருத்தல். சேமிக்குமுன், தான் திறந்தபோது இருந்த கோப்புத்தான் இன்னமும் அக்கரையில் இருக்கின்றதா என்று உரைதிருத்தி பார்க்க வேண்டும். இடையில் வேறொருவர் கைவைத்திருந்தால் இரு படிகளையும் வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்று மனிதரைக் கேட்க வேண்டும். சேமிக்கும்போதும், பழைய கோப்பின் மேல் நேரே எழுதாமல், புதிய கோப்பொன்றில் முழுவதையும் எழுதி முடித்து, பின்னர் ஒரே கணத்தில் பெயரை மாற்றிவிட வேண்டும். அப்போது நடுவில் தொடர்பு அறுந்தாலும் பழையதோ புதியதோ முழுமையாக இருக்கும், அரைகுறை இராது.

இவற்றோடு தமிழுக்கே உரிய ஒரு நுணுக்கமும் உண்டு. தமிழிலும் ஆங்கிலத்திலும் யாழ்ப்பாணத்தின் பெயர் ஆறு எழுத்துக்களே. ஆங்கிலத்தில் அது ஆறு பைற்றுகளில் அடங்கிவிடும். தமிழிலோ, மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாவதால் 11 குறியீடுகள். குறியீடு ஒன்றுக்கு மூன்றாக 33 பைற்றுகள். தரவு துண்டு துண்டாக வரும்போது துண்டின் விளிம்பு ஓர் எழுத்தின் நடுவிலேயே விழலாம். மீதி வருமுன் அதனை வாசிக்க முற்படும் மென்பொருள், எழுத்துக்குப் பதிலாக வினாக்குறியையோ கட்டத்தையோ காட்டும். அந்நிலையில் சேமித்தால் பழுது நிலைத்துவிடும். தொடர்பைக் கையாளும் பகுதியை எழுதுவோர், எழுத்து முழுமையாக வந்து சேரும்வரை பொறுத்திருக்கும்படி அதனை அமைக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இக்குறை ஒருநாளும் கண்ணிற்படாது.

கோபுரமா, மென்பொருளா?

இவ்வளவு சிரமம் எதற்கு, நல்ல கோபுரங்களையும் கண்ணாடியிழை வடங்களையும் அமைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அவை வேண்டும்; அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் தீவகத்தின் உட்கட்டமைப்பு வரலாறு பொறுமையைக் கற்பித்த வரலாறு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின்கட்டமைப்போடு சேராமல் நீண்டகாலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தன. அம்மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டம் 2021 இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டுப் பின் நிறுத்தப்பட்டது. இந்தியாவுடன் உடன்பாடு கைச்சாத்தானது 2022 மார்ச்சில். ஒப்பந்தம் வழங்கப்பட்டது 2024 மார்ச்சில். கோபுரத்துக்கும் வடத்துக்கும் கப்பலும் சீமெந்தும் நிதியும் அரசியல் இணக்கமும் வேண்டும். மென்பொருளைச் சீர்செய்ய ஒரு சிலரின் உழைப்புப் போதும். செய்ததும் உலகெங்கும் ஒரேநாளில் பரவும். அத்தோடு, எத்துணை நல்ல தொடர்பும் சூறாவளியிலும் ஓடும் புகையிரதத்திலும் மின்தூக்கிக்குள்ளும் அறத்தான் செய்யும். தீவுக்காகச் செய்யும் திருத்தம் நகரத்துக்கும் பயன்படும்.

இத்திருத்தங்கள் இலவசமானவை என்று சொல்லவில்லை. படி எழுதுபவரிடமும் தங்குவதால், மடிக்கணினி களவுபோனால் இரகசியமும் போகும். எனவே அப்படியைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு வேண்டும். இருவரின் திருத்தங்களை இணைப்பது, கணினி அறிஞர்கள் 1980களின் இறுதியிலிருந்து ஆராய்ந்துவரும் கடினமான வேலை. வழங்கியில் உயிரோடு காத்திருக்கும் வேலைகள் நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆயினும் இவற்றின் செலவு, அழிந்த ஒரு மணித்தியால உழைப்பின் செலவைவிடக் குறைவானதே. அழிந்த எழுத்தை அதே சூட்டோடு மீண்டும் எழுத எவராலும் இயலாது என்பதை எழுதுவோர் அறிவர்.

இந்தப் பொறுப்பு மூவருக்குரியது. மென்பொருள் எழுதுவோர், தமது படைப்பை வேண்டுமென்றே தொடர்பை அறுத்துச் சோதிக்க வேண்டும். தாமதத்தையும் தரவிழப்பையும் செயற்கையாக உண்டாக்கும் நெற்-எம் என்ற கருவி லினக்ஸிலேயே இலவசமாகக் கிடைக்கின்றது. வேலை வழங்கும் நிறுவனங்களும் இணையப் படிவங்களை வெளியிடும் அரச அலுவலகங்களும், தமது மென்பொருளை வாங்குமுன் "தொடர்பு அறுந்தால் என்ன நடக்கும்?" என்ற ஒரு கேள்வியையாவது கேட்க வேண்டும். மாணவன் ஒருவன் நிரப்பிய விண்ணப்பம் கடைசிப் பக்கத்தில் மறைந்துபோவதும் இதே நோயின் இன்னொரு வடிவமே.

மூன்றாமவர் பயனாளர். சீர்திருத்தம் வரும்வரை அவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். கோப்பின் முழுப்படியையும் வரலாற்றையும் தம்மிடமே வைத்துக்கொள்ளும் கிற் போன்ற முறைகளில் வேலைசெய்தால், தொடர்பு இருக்கும் நேரத்தில் மட்டும் அனுப்பினால் போதும். தொலைக்கணினியில் நேரடியாக எழுதுவோர் ஸ்கிரீன், ரி-மக்ஸ், மொஷ் ஆகியவற்றுள் ஒன்றைப் பழகிக்கொள்ளலாம். எஸ்.எஸ்.எச். பயன்படுத்துவோர், அதன் அமைப்புக் கோப்பில் சேர்வர்-அலைவ்-இன்ரர்வல் என்ற பெறுமானத்தை 15 ஆக இட்டால், செத்த தொடர்பை ஏறத்தாழ முக்கால் நிமிடத்தில் அறிந்துகொள்ளலாம். வழமையான அமைப்பில் அப்பெறுமானம் பூச்சியம். அதாவது நாடி பார்ப்பதே இல்லை.

புறாக்களுக்கும் இணையத்துக்கும் ஒரு வேடிக்கையான உறவு உண்டு. இணையத் தரவுப் பொதிகளைப் புறாவின் காலில் கட்டி அனுப்பும் முறையொன்றை, 1990 ஏப்ரல் முதலாந் திகதி, முட்டாள்கள் தினப் பகிடியாக ஒருவர் வெளியிட்டார். 2001 ஏப்ரலில் நோர்வேயின் பேர்கன் நகரத்துக் கணினி ஆர்வலர்கள் அதனை மெய்யாகவே செய்துபார்த்தனர். ஒன்பது பொதிகள் அனுப்பப்பட்டன. நான்குக்கே பதில் வந்தது. விரைவான பதிலுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பிடித்தது. ஆயினும் தொடர்பு வேலைசெய்தது. பொதிகள் தொலையும், பதில் தாமதிக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு வகுக்கப்பட்டது இணையத்தின் அடிப்படை என்பதே அதற்குக் காரணம். அந்த அடிப்படையின் மேல் கட்டியவர்களே அதனை மறந்தனர்.

1990 முதல் 1995 வரை மின்சாரமும் தொலைபேசியும் இல்லாதிருந்த குடாநாட்டில், அப்பியாசக் கொப்பித் தாளிலேனும் பத்திரிகை அச்சாகி வெளிவந்தது. தொடர்பு இல்லையே என்று எழுத்து நின்றுவிடவில்லை. அந்த மண்ணில் எழுதப்படும் ஒரு கட்டுரையோ ஒரு கணினி நிரலோ காற்றடித்ததால் அழிந்தது என்று இனியும் சமாதானம் சொல்வதற்கில்லை. நெடுந்தீவின் கிணறுகளைப் பற்றிய அந்த விபரத்தை நிருபர் மறுபடி வீடுவீடாகச் சென்று திரட்டி எழுதினார். நான்கு நாட்களின் பின்னர் அது வெளியாயிற்று. இம்முறை அவர் அதனை முதலில் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். கொப்பி செய்யும் அந்த வேலையை உரைதிருத்தியும் செய்ய வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.